பழைய கடைக் கட்டடங்களைப் புதுப்பிக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்திலுள்ள நெய்யூர், அளவிற் சிறியதாயினும் பெயர் பெற்ற ஊராகும். 1838ஆம் ஆண்டில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்பார் லண்டன் மிஷன் சார்பில் இங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். திங்கள்சந்தையும் அருகிலேயே உள்ளது. நோயாளிகளும், வாழைக்குலையும் தேங்காயும் கொண்டுவரும் விவசாயிகளும் கூடுமிடத்தில் கடைகள் பெருகுதல் இயல்பு. இப்பகுதிக் கடைத்தெருக்களில் ஓட்டுக் கூரையும், தடித்த சுவரும், நிரைப்பலகைக் கதவும் உடைய பழைய கட்டடங்கள் இன்றும் உண்டு. உள்ளாட்சி மன்றத்திற்கு உடைமையான கட்டடமாயின், அதன் வாடகை மன்றத்தின் சொந்த வருவாயாகும். ஆகவே அதைக் காப்பது எவ்வாறு என்பதை உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

இவ்விஷயத்தில் அசட்டை உயிருக்கே கேடு. மைசூர் நகரில் கடைகள் நிறைந்திருந்த லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டு 25ஆம் நாள் சரிந்து, நால்வர் மாண்டனர். அந்நகரின் தேவராஜ மார்க்கெட்டில், 2016 ஆகஸ்டு மாதம், மராமத்து நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மராமத்தைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. முறையறியாது தொடங்குவதும் ஆபத்து என்பது இவற்றால் விளங்கும்.

நாமும் இதில் தவறியதுண்டு. முன்பு ஓர் ஊரில் பழைய கடை வரிசைக்குச் சிமெண்டுப் பூச்சும் வர்ணமும் பூச மதிப்பீடு வந்தது. நாம் மேலொப்பமிட்டோம். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் பூச்சு உப்பிப் பெயர்ந்தது. உள்ளே உத்திரத்தின் நுனி மக்கியிருந்தது. புதுக்கோலம் பூண்ட கட்டடத்தின் கீழ் மக்கள் அச்சமின்றி நின்றிருந்ததை எண்ணினால் இன்றும் நமக்கு நெஞ்சம் நடுங்குகின்றது. கூரையைக் காணாது சுவரை அழகுசெய்ததே நாம் செய்த பிழை.

கூரையின் அருமைக்கு நம் மாவட்டத்திலேயே சான்றுண்டு. கூரை பேணப்பட்டு வருவதால் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலை நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கிறது. இரணியல் அரண்மனையோ நீண்டகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்து கூரை சரிந்து சிதைந்தது. இரண்டின் மீதும் பெய்தது ஒரே மழைதான்.

இனி, செய்யவேண்டிய முறையைக் காண்போம்.

முதலாவது, ஆராய்தல். பெருமழையின்போது ஒழுகும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுவரினுள் புதைந்த உத்திர நுனிகளைக் கூரிய ஊசியாற் குத்திப் பார்த்தால் மக்கல் தெரிந்துவிடும். சுவர் வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதியிட வேண்டும். அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். பொறியாளரின் அறிக்கையை எழுத்தில் பெறவேண்டும். ஆபத்தென்று அவர் கூறின் அன்றே கடைகளைக் காலி செய்தல் கடமை. புதுப்பிக்க இயலாதென்றால் இடிக்கவும் தயங்கலாகாது.

இரண்டாவது, கூரை. இம்மாவட்டம் இரு பருவமழையும் பெறுவதால் ஜனவரியிலிருந்து மே மாதத்திற்குள் வேலையை முடித்தல் உத்தமம். முட்டுக் கொடாமல் ஓர் ஓட்டையும் பெயர்க்கலாகாது. பாரம் ஒருபுறம் சாயாதவாறு இருபுறமும் சமமாக ஓடுகளை இறக்கவேண்டும். பழுதான கழுக்கோல்களை மட்டும் மாற்றி, நல்லவற்றைக் காத்துக்கொள்ளலாம். அயினி, பலா போன்ற மரங்கள் இதற்கு ஏற்றவை. கரையானைத் தடுக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது இப்பக்கத்துப் பழைய வழக்கம்.

மூன்றாவது, சுவர். சுண்ணாம்புச் சாந்தினால் எழுந்த சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் தன்மையுடையது. சிமெண்டுப் பூச்சு அவ்வீரத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஆதலால் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு, மணல், செங்கற்பொடி ஆகியவற்றைக் கலந்த சாந்தையே பயன்படுத்த வேண்டும். சுண்ணாம்பு வேலையறிந்த முதிய கொத்தனாரை அழைத்து, இளைஞர் இருவரை அவருடன் நிறுத்தினால் தொழிலும் அழியாது நிலைக்கும்.

நான்காவது, வியாபாரிகள். வேலை நடக்கும் மாதங்களில் அவர்களுக்குத் தற்காலிகக் கொட்டகை அமைத்துத் தரவேண்டும். திரும்பி வரும் உரிமையையும் புதிய வாடகையையும் முன்கூட்டியே தீர்மானமாக எழுதிவிட்டால் வழக்கும் வம்பும் நேரா. பழைய மின்கம்பிகளை முற்றிலும் மாற்றுதலும் இச்சமயத்தில் எளிது. வர்ணம் எல்லாவற்றிற்கும் கடைசியிலேயே வரவேண்டும்.

வேலை முடிந்ததும் கடமை முடிந்ததாகாது. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒருநாள், உறுப்பினர் ஒருவரும் மேஸ்திரியும் கூரையைப் பார்வையிட வேண்டும். வாடகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென ஒதுக்கும் தீர்மானத்தையும் நிறைவேற்றுதல் வேண்டும். உடைந்த ஓடு ஒன்றை இன்று மாற்றும் மன்றம், நாளை உத்திரத்தை மாற்றும் செலவினின்று தப்பும். அக்கடையின் நிழலில் நிற்கும் மக்களின் உயிரும் காக்கப்படும்.