மெய்ம்மறை: தமிழர் போர்க்கோலம் பற்றிச் சில குறிப்புகள்

வேளாண்மை வெட்டு முடிந்து, சவளக்கடையைச் சூழ்ந்த வயல்வெளிகள் ஓய்வு கொள்ளும் காலத்தில், அப்பகுதித் தமிழ்க் கிராமமொன்றில் வடமோடிக் கூத்து நடைபெறுகின்றதென வைத்துக்கொள்வோம். மத்தளம் முழங்குகின்றது, அண்ணாவியார் வரவுப் பாட்டை எடுத்துக் கொடுக்கின்றார், அரசன் களரி புகுகின்றான். அவன் இடையிற் கரப்புடுப்பு. மார்பை மூடிய பதக்கம். தலையிற் கண்ணாடித் துண்டுகள் ஒளிரும் முடி. களரியைச் சுற்றியமர்ந்த சிறுவர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே: நம் பண்டை வேந்தர் இத்தகைய பாரக்கோலத்துடன்தான் போருக்குச் சென்றனரோ? பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் ஓவியர் வரையும் சோழரும் பாண்டியரும் உரோமாபுரிப் படைவீரரைப் போல இரும்பு மார்புக்கவசம் அணிந்தே காணப்படுகின்றமையால், ஐயம் தீர்வதற்கு மாறாக உறுதியே பெறுகின்றது.

(சவளம் என்பது ஈட்டியின் பெயர்களுள் ஒன்றென நிகண்டுகள் கூறும். அதனைக்கொண்டு மேற்கூறிய ஊருக்கு ஒரு போர் வரலாறு கட்ட நாம் முற்படவில்லை. அவ்வாறு கட்டுவோர் நம்மிடையே ஏற்கனவே மிகுதி.)

ஓவியர் காட்டுவது பெரும்பாலும் உண்மையன்று என்பதே நம் துணிபு. தமிழகத்துப் போர்வீரருட் பெரும்பாலார் திறந்த மார்பினர். அவர்தம் காப்பு கையிலேந்திய கேடகமே. மெய்க்கவசத்தை அவர்கள் அறியாதாரல்லர். ஆயினும் அது சிலர்க்கே உரியதாயிருந்தது. இங்ஙனம் கூறுதல் தமிழர் பெருமைக்கு இழுக்காகுமென நண்பர் சிலர் கருதுவர். இரும்பைக் கையாளும் திறனிலார் என்ற பழி அதனால் வருமென்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்திற்கு இடமில்லை. ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் அலெக்சாந்தர் றீ என்பார் நிகழ்த்திய அகழ்வில் இரும்பு வாள்களும் வேல்களும் அம்பு முனைகளும் ஏராளமாய்க் கிடைத்தன. நம் ஈழநாட்டிலும் சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு எஃகு செய்த உலைகள் பல 1990ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து காணப்பட்டன. அவை கி. பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. இரும்பு இருந்தது, கொல்லரும் இருந்தனர். அவ்விரும்பு வாளாகவும் வேலாகவும் சென்றது. சட்டையாகச் சென்றது அருமை.

சங்கச் சான்றோர் பாடல்களை நோக்குவோம். கேடகத்திற்கு அவர் வழங்கிய பெயர் ‘தோல்’ என்பது. எதனாற் செய்யப்பட்டதென்பதைப் பெயரே கூறிவிடுகின்றது. புறநானூற்றின் 4ஆம் பாடலில் பரணர், சோழன் உருவப்பஃறேர் இளஞ்சேட்சென்னியின் படையினர் தாங்கிய தோல்களில் அம்பு துளைத்த துளைகளைக் கண்டு, அவற்றை எய்து பழகும் இலக்குகளோடு ஒப்பிடுகின்றார். அம்பு தைத்த இடம் கேடகமேயன்றிக் கவசமன்று என்பது ஈண்டு கருதத்தக்கது. 95ஆம் பாடலில், தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் பீலி அணிந்து நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் அழகுற இருப்பதனையும், அதியமானுடைய வேல்கள் நுனி முரிந்து கொல்லனது சிறு கொட்டிலிற் கிடப்பதனையும் ஒருசேரக் கூறி, எவன் போர் அறிந்தவன் என்பதனைச் சொல்லாமற் சொல்லிவிடுகின்றார்.

எனினும் கவசம் பாடலிற் புகாமலில்லை. 13ஆம் பாடலின் நிகழ்ச்சி சுவை மிக்கது. சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி ஊர்ந்து வந்த களிறு மதங்கொண்டு, பகைவனான சேரனுடைய கருவூரினுள்ளே அவனைக் கொண்டு சென்றுவிடுகின்றது. சேரமான் அந்துவஞ்சேரல் இரும்பொறையுடன் மாடத்தின்மேல் நின்ற உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வருகின்றவன் இன்னானெனக் காட்டி, அவன் தீதின்றி மீள்க என வாழ்த்துகின்றார். அச்சோழன் மார்பில் இருந்ததாகப் புலவர் கூறுவது புலித்தோற் கவசம். அதுவும் எய்த கணைகளாற் கிழிந்து பொறி சிதைந்து கிடக்கின்றது. தோற்கவசம், யானைமேல் அமர்ந்த வேந்தன் என்னும் இரண்டையும் நினைவிற் கொள்க. கவசம் இருந்தது. அது தோலால் ஆயது. அதனை அணிந்தவன் நடந்து போர்செய்யும் காலாள் அல்லன்.

சட்டை என்பதே அக்காலத்து விந்தையாய் இருந்தது போலும். முல்லைப்பாட்டில் நப்பூதனார், பாசறையில் வேந்தனைக் காக்கும் யவனரின் அச்சந்தரும் தோற்றத்தைச் சொல்லப் புகுந்தவர், அவர்கள் ‘மெய்ப்பை’ அணிந்திருந்ததைக் குறிக்கின்றார். மெய்ப்பையாவது உடலை இட்டுவைக்கும் பை, அதாவது சட்டை.

இவையனைத்தினும் நம்மைக் கவர்ந்த சொல் ஒன்று உண்டு. அதுவே மெய்ம்மறை. மெய்யை மறைப்பது மெய்ம்மறை. கவசத்திற்குத் தூய தமிழ்ப் பெயர். பதிற்றுப்பத்தைப் பாடிய புலவர் இச்சொல்லைச் சேர வேந்தரை விளிப்பதற்கு ஆளுகின்றனர். சான்றோராகிய வீரர்க்கு மெய்ம்மறை போன்றவனே என்பது அவ்விளி. கவசம் எவ்வாறு அணிந்தவனுக்கு முன்னின்று அடியைத் தான் ஏற்கின்றதோ, அவ்வாறே போர் மூளுங்கால் மன்னன் தன் வீரர்க்கு முன்னின்று வலியாவான் எனப் பழைய உரைகாரர் விளக்குவர். வெறுமார்புடன் நிற்கும் ஆயிரவர்க்கு முன்னே நிற்கும் ஒருவனே அவர்தம் கவசம். இச்சொல்லாட்சி தோன்றுவதற்குக் கவசத்தை அறிந்திருத்தலும் வேண்டும், அஃது இல்லாதாரைக் கண்டிருத்தலும் வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

ஆயிரம் ஆண்டுக்கு மேற் கழிந்தபின்னும் நிலை பெரிதும் மாறவில்லை. 1292ஆம் ஆண்டை அண்டிப் பாண்டிநாட்டுக் கரையை அடைந்த மார்க்கோ போலோ, அந்நாட்டார் வேலும் கேடகமுமே ஏந்தி வெற்றுடம்புடன் போர்க்குச் செல்வர் என்றும், காட்டெருதின் மயிர் காப்பளிக்கும் என நம்பி அதனைக் காலாட்கள் கேடகத்திற் கட்டிக்கொள்வர் என்றும் எழுதினார். சட்டை தைக்கும் தையற்காரனே அங்கில்லை என்று வியந்த அவர், இவர்கள் மிக இழிந்த போர்வீரர் எனவும் தீர்ப்பளித்துவிட்டார். நாம் அத்தீர்ப்பை ஏற்பதற்கில்லை. வெனிசு நகரத்து வணிகர் துணியைக் கொண்டு வீரத்தை அளந்தார். பங்குனி வெயிலில் நம் வயல் வரம்பில் இரும்புச் சட்டையுடன் ஒரு நாழிகை நடந்து பார்த்திருப்பாராயின் வேறு விதமாக எழுதியிருப்பார்.

ஆயினும் அவர் தரும் செய்தியொன்று பயனுடையது. பாண்டியன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கினான் என்பதும், பேணத் தெரியாமையால் ஆண்டிறுதியில் நூறு குதிரைகளும் எஞ்சவில்லை என்பதும் அச்செய்தி. குதிரை நிலைக்காத நாட்டிற் கவசமும் நிலைக்காது. பாரத்தைச் சுமப்பது குதிரையன்றோ? குதிரைப்படை வேரூன்றிய விசயநகரத்தில் இவ்வுண்மை விளங்குகின்றது. 1520ஆம் ஆண்டளவில் மகாநவமி விழாவைக் கண்ட போர்த்துக்கேயர் தொமிங்கோ பாயிசு, அங்குள்ள குதிரைவீரர் பதப்படுத்தாத தோலைப் பல மடிப்பாக அடுக்கி இரும்புத் தகடு பொருத்திய அங்கிகளையும், கழுத்தையும் முகத்தையும் காக்கும் தலைச்சீராக்களையும் அணிந்திருந்தனர் என விரித்துரைக்கின்றார்.

நம் தீவில் 1505ஆம் ஆண்டையொட்டிப் போர்த்துக்கேயர் கொழும்பில் இறங்கியபோது, கோட்டை மன்னனுக்கு எட்டிய செய்தியை இராசாவலிய என்னும் சிங்கள நூல் கூறுகின்றது. வந்தவர் இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் அணிந்தவர், ஓரிடத்தில் நில்லாதவர், கல்லைத் தின்று இரத்தம் குடிப்பவர் என்பது அது. அப்பமும் திராட்சை மதுவும் கல்லும் இரத்தமுமாய்ப் போயின. ஆனால் சட்டையும் தொப்பியும் பிழையின்றி இரும்பென்றே உரைக்கப்பட்டன. நப்பூதனார் யவனரைக் கண்ட கண்ணோடுதான் கொழும்பு மக்களும் இவர்களைக் கண்டனர்.

கொரியா நாட்டை இதனுடன் ஒப்புநோக்கல் தகும். அங்குக் குளிர் கடியது, குதிரையும் பழமையானது. கயா அரசுகளின் கல்லறைகளிலிருந்து 4ஆம், 5ஆம் நூற்றாண்டுக்குரிய இரும்புக் கவசங்கள் எடுக்கப்பட்டுள்ளன. சிறு தகடுகளைத் தோல்வாரினாற் கோத்த சட்டைகளும், குதிரைக்கெனவே செய்த கவசங்களும் அவற்றுள் அடங்கும். பிற்காலத்தில் அவர்கள் கடதாசியினாலுங்கூடக் கவசம் செய்தனர். 1866இல் பிரெஞ்சுக்காரர் துப்பாக்கியுடன் வந்து தாக்கியபின், பருத்தித் துணியைப் பல மடிப்பாக அடுக்கித் தைத்துக் குண்டு புகாச் சட்டை ஒன்றினை ஆக்கினர். 1871 யூன் மாதம் கங்குவா தீவில் அமெரிக்கப் படையை எதிர்த்தவர் அதனையே அணிந்திருந்தனர். வெப்பம் அவர்களை வாட்டியது. பீரங்கியால் துணி தீப்பற்றியது. கவசக்கலையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டு தேர்ந்த மக்களையே ஒரு கோடை இவ்வாறு வருத்திற்றெனின், ஆண்டு முழுதும் கோடை காணும் நாட்டார் கேடகத்தோடு அமைந்ததில் வியப்பென்ன?

கல்முனை, மருதமுனை முதலிய கரையோர முஸ்லிம் ஊர்களிற் பயிலப்பட்டுவந்த சீனடி, சிலம்படி வித்தைகளிலும் காப்பு என்பது உடையில் இல்லை. காலின் விலகலும் கோலின் சுழற்சியுமே காப்பு. கோல் வீச்சினுள் எதிரியின் அடி புகாதவாறு பார்த்துக்கொள்ளுதலே அங்கு மெய்ம்மறை.

இரும்பிற் பெருகாத கவசம் நம்மவர் நாவிற் பெருகிற்று. கோயில் மூர்த்திக்குச் சாத்தும் பொன், வெள்ளி அங்கியும் கவசம். அங்கம் அங்கமாகச் சொல்லிக் காக்க என வேண்டும் தோத்திரமும் கவசம். கூத்துக் களரியில் அது பதக்கமாகிப் பளபளக்கின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் மட்டக்களப்பு வடமோடி மரபிலிருந்து கர்ணன் போரை எடுத்துச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபின், இவ்வுடையின் அழகை நாட்டின் பிற பகுதியினரும் கண்டனர். கர்ணனோ பிறவியிலேயே கவசம் பெற்றவன். இந்திரன் இரந்தபோது அதனை அறுத்துக் கொடுத்தவன். கதைப்படி அவன் இறுதிப் போருக்கு வெறுமார்புடனேயே வருதல் வேண்டும். எமது களரிகளில் அவன் முடியும் பதக்கமும் குறைவின்றி அணிந்தே வருகின்றான். பொழுது புலரும்வரை விழித்திருந்து கண்ணீர் வடிக்கும் ஊரார் எவரும் அதனைக் குற்றமெனச் சொல்ல நாம் கேட்டதில்லை.