மெட்டா டேக்: எதை எழுதினால் கூகுளில் வரும்?

உடன்குடியில் என் மாமா கருப்பட்டி வியாபாரம் செய்கிறார். நான் இன்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய கடைக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து போன் செய்தார். "மாப்ளே, கடைப் பேரைப் போட்டுத் தேடினாக்கூட நம்ம சைட் வரலையே?" என்றார். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஈரக்காற்று பட்டால் கருப்பட்டி கசியும். அதற்குள் சரக்கை விற்றாக வேண்டும்.

தவறு என்னுடையதுதான். நீங்களும் அதைச் செய்யாமல் இருக்கவே இந்தப் பாடம்.

மெட்டா டேக் என்றால் என்ன?

எச்டிஎம்எல் பக்கத்தில் ஹெட், பாடி என்று இரண்டு பகுதிகள் உண்டு. பாடியில் எழுதுவது திரையில் தெரியும். ஹெட் பகுதியில் எழுதும் மெட்டா டேக்குகள் திரையில் தெரியாது. அவை பிரௌசருக்கும் தேடுபொறிக்கும் பக்கத்தைப் பற்றிச் சொல்லும் குறிப்புகள். பலவற்றில் நேம் என்ற இடத்தில் குறிப்பின் பெயரும், கன்டென்ட் என்ற இடத்தில் விவரமும் வரும்.

கீவேர்ட்ஸ் டேக்

பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து இந்த டேக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை அடுக்கியிருந்தேன். 1990களில் அல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள் இதைப் படித்தன. பலர் சம்பந்தமே இல்லாத சொற்களைத் திணித்ததால் இதன் மதிப்பு போய்விட்டது. பக்கங்களை வரிசைப்படுத்த இதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுளே அறிவித்தது. எனவே இதற்காக நேரம் செலவிட வேண்டாம்.

கீவேர்டை எங்கே எழுதுவது?

முதலில் டைட்டில் டேக்கில். இது மெட்டா டேக் அல்ல. ஆனால் ஹெட் பகுதியில்தான் இருக்கும். மாமா கடைப் பக்கத்துக்கு நான் "ஹோம்" என்று டைட்டில் வைத்திருந்தேன். அதில் கருப்பட்டியும் இல்லை, உடன்குடியும் இல்லை! "உடன்குடி கருப்பட்டி – மொத்தம், சில்லறை விற்பனை" என்று மாற்றினேன். டைட்டில் சுருக்கமாக இருக்கட்டும். நீளமானால் தேடல் முடிவில் பாதியில் வெட்டப்படும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி டைட்டில் கொடுங்கள்.

அடுத்து, பாடியில் உள்ள தலைப்பிலும் பத்திகளிலும். ஒரே பொருளைச் சிலர் கருப்பட்டி என்று தேடுவார்கள். சிலர் பனைவெல்லம் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் பாம் ஜாகரி என்று ஆங்கிலத்தில் டைப் செய்வார்கள். இவை மூன்றும் இயல்பான வாக்கியங்களில் வரும்படி எழுதுங்கள். ஒரே சொல்லைப் பத்து முறை திணித்தால் கூகுள் அதை ஏமாற்று வேலையாகவே எடுத்துக்கொள்ளும்.

டிஸ்கிரிப்ஷன் டேக்

இதனால் உங்கள் பக்கம் மேலே ஏறாது. ஆனால் தேடல் முடிவில் டைட்டிலுக்குக் கீழே வரும் வரிகளை கூகுள் பல நேரங்களில் இங்கிருந்து எடுக்கும். எனவே கடைக்கு வெளியே மாட்டும் போர்டு போல நினைத்து, என்ன கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று ஓரிரு வாக்கியத்தில் எழுதுங்கள்.

ரோபோட்ஸ் டேக்

கடைப் பேரைப் போட்டும் சைட் வராததற்குக் காரணம் இதுதான். சோதனை செய்தபோது ரோபோட்ஸ் டேக்கில் "நோஇண்டெக்ஸ்" என்று எழுதியிருந்தேன். இந்தப் பக்கத்தைத் தேடல் முடிவில் காட்டாதே என்று அதற்கு அர்த்தம். சைட்டை வெளியிட்டபோது அதை நீக்க மறந்துவிட்டேன்! வாசலில் பூட்டைத் தொங்கவிட்டு உள்ளே வியாபாரத்துக்குக் காத்திருந்த கதை.

கேரக்டர் செட்

தமிழ்ப் பக்கங்களுக்கு இது முக்கியம். யூனிகோட் தமிழில் டைப் செய்து, கேரக்டர் செட்டை யுடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்தால் உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு வெறும் குறியீடுகளாகவே தெரியும்.

சரிபார்ப்பது எப்படி?

1. கம்ப்யூட்டரில் உங்கள் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், யு கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். சோர்ஸ் தெரியும்.
2. கன்ட்ரோல், எஃப் அழுத்தி நோஇண்டெக்ஸ் என்பதை ஆங்கிலத்தில் தேடுங்கள். இருந்தால் சைட்டின் ஃபைலில் அதை நீக்குங்கள்.
3. டைட்டில், டிஸ்கிரிப்ஷன் இரண்டையும் படித்துப் பாருங்கள்.
4. கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் சைட்டைப் பதிவு செய்யுங்கள். இது இலவசம். யுஆர்எல் இன்ஸ்பெக்ஷன் பகுதியில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, இண்டெக்ஸ் செய்யும்படி கோருங்கள். சில நாட்கள் பொறுத்திருக்க வேண்டும்.

மாமாவின் சைட் முதலிடத்துக்கு வந்துவிடவில்லை. ஆனால் கடைப் பேரைத் தேடினால் வந்தது. மழைக்கு முன்பே வெளியூரிலிருந்து முதல் ஆர்டரும் வந்தது. நீங்களும் இன்றே கன்ட்ரோல், யு அழுத்திப் பாருங்கள்.