தலைக்கும் ஒரு லாக் வேணும்: நரம்பியல் மருத்துவரிடம் முதல் நாள்



இந்த வார எபிசோடில் லாக் ஃபைல் பற்றிப் பேசினோம். சர்வர் ஏன் விழுந்தது என்று ஊகிக்காதீர்கள், முதலில் லாகைப் படியுங்கள் என்று பெரிய வாத்தியார் மாதிரி சொன்னேன். ஆனா என் சொந்தத் தலைக்கு மூணு வருஷமா லாகே வைக்காமல் இருந்தவன் நான். அந்தக் கதைதான் இந்தக் கடிதம். நம்ம நேயர்களில் பாதிப் பேர் நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவர்கள், யாருக்காவது உதவும்.

நான் இருப்பது யாங்கோனில், தின்கன்ஜூனில். மாதத்துக்கு ஏழெட்டுத் தடவை தலை வலிக்கும். பொட்டில் விண் விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. மருந்துக்கடையில் சின்ன பிளாஸ்டிக் பையில் நாலு மாத்திரையைக் கலந்து தருவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டதே இல்லை. ஒரு நாள் ரெக்கார்டிங் நடுவில் வாந்தி வந்து எழுந்து ஓடினேன். நண்பர் திட்டிவிட்டு, ஒரு கிளினிக்கில் சாயங்கால டோக்கன் போட்டுக் கொடுத்தார்.

நான் எதிர்பார்த்துப் போனது ஸ்கேன். அங்கே நடந்தது பேச்சு.

பேரைச் சொல்லாதீங்க, நடந்ததைச் சொல்லுங்க

"எனக்கு மைக்ரேன் இருக்கு, சயாமா" என்று ஆரம்பித்தேன். பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் சிரித்துவிட்டு, "அதை நான் சொல்றேன். உங்களுக்கு என்ன ஆகுதுன்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

வலி எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா? தெறிக்குதா, அழுத்துதா? மாடிப்படி ஏறினா கூடுமா? குமட்டல் உண்டா? வலிக்கு முன்னால் கண்ணில் வளைவு வளைவாக வெளிச்சம் ஓடுமா? எல்லாம் காரணத்தோடு கேட்கிற கேள்விகள். சர்வதேச அளவுகோல்படி, ஆராவோடு வராத சாதாரண மைக்ரேனுக்குக் குறைந்தது 5 தடவை வந்திருக்க வேண்டும். மருந்து போடாவிட்டால் ஒவ்வொன்றும் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்க வேண்டும். ஒரு பக்கம், தெறிப்பு, வேலையைக் கெடுக்கும் கடுமை, நடந்தால் கூடுவது ஆகிய நான்கில் இரண்டு இருக்க வேண்டும். கூடவே குமட்டலோ வாந்தியோ, அல்லது வெளிச்சம், சத்தம் இரண்டுமே தாங்காத நிலையோ வேண்டும். இதற்கெல்லாம் பதில் உங்கள் வாயில்தான் இருக்கிறது, மெஷினில் இல்லை.

பேரே நம்மை ஏமாற்றிவிடும். தமிழில் ஒற்றைத் தலைவலி. பர்மிய மொழியிலும் ‘தலையில் ஒரு பக்க வலி’ என்றுதான் பேர். மைக்ரேன் என்ற சொல்லின் கிரேக்க வேருக்கும் பாதி மண்டை என்றே அர்த்தம். ஆனால் பலருக்கு ரெண்டு பக்கமும் வலிக்கும். எனக்கும் அப்படித்தான். அதனாலேயே முதல் வருஷம் முழுக்க சைனஸ் என்று நினைத்து ஓட்டிவிட்டேன்.

அடுத்து, "வீட்ல வேற யாருக்காவது மைக்ரேன் உண்டா?" "இல்லை." "சரி, விளக்கை அணைச்சுட்டு யாராவது படுத்துக் கிடந்திருக்காங்களா?"

அம்மா. தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, நெற்றியில் தனாக்கா பூசி, இருட்டு அறையில் கிடப்பாள். வாந்தி எடுத்தால் கொஞ்சம் அடங்கும். "அம்மாவுக்குப் பித்தம், சத்தம் போடாதீங்க" என்று எங்களை வெளியே அனுப்புவார்கள். யாரும் டாக்டரிடம் கூட்டிப் போனதில்லை. அன்று ராத்திரி கேட்டேன். "வயசானப்புறம் குறைஞ்சிருச்சுப்பா. உனக்கும் வந்துருச்சா?" என்றாள்.

மாத்திரைக் கணக்கு

"மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?" "அப்பப்போ." சயாமா மேஜைக் காலண்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். எண்ணிப் பார்த்தால் 19 நாள். வெட்கமாக இருந்தது.

இதுதான் இந்தக் கடிதத்தில் முக்கியமான விஷயம். பாரசிட்டமால் போன்ற சாதா வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரை அல்லது டிரிப்டானை 10 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கும் மேலாகப் போட்டுவந்தால் அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கலாம். நாம் அதற்கும் ஒரு மாத்திரை போடுவோம். நிற்காத லூப். கணக்கை மறைத்தால் டாக்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாகத் திடீரென்று எதையும் நிறுத்தாதீர்கள். எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்வார்.

பரிசோதனை

வலிக்காது, சில நிமிஷம்தான். விரலைக் கண்ணால் பின்தொடரணும், பல்லைக் காட்டணும், கையைத் தள்ளணும், நேர்கோட்டில் நடக்கணும். முழங்காலில் சுத்தியல் தட்டு. சின்னக் கருவி வழியாகக் கண்ணுக்குள் பார்ப்பது மூளையில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. இது எல்லாம் சரியாக இருந்து, கதையும் மைக்ரேனோடு பொருந்தினால் பெரும்பாலும் ஸ்கேன் தேவையில்லை. ஸ்கேன் எழுதவில்லை என்றால் அலட்சியம் என்று அர்த்தமில்லை.

போகும்போது எடுத்துப் போக வேண்டியவை

ஒரு மாத டைரி: தேதி, எத்தனை மணி நேரம், போட்ட மாத்திரை, தூக்கம், சாப்பாடு. பெண்களானால் மாதவிலக்குத் தேதியும். பேர் தெரியாத மாத்திரை என்றால் அந்தப் பையையே எடுத்துப் போங்கள். ஆஸ்துமா, சிறுநீரகக் கல், கர்ப்பம், கருத்தடை மாத்திரை எதையும் விடாமல் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, தடுப்பு மருந்தான புரொப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று தெரியவே சுமார் 2 மாதம் பிடிக்கும். ஒரே வாரத்தில் விட்டுவிடாதீர்கள்.

என் டைரி இன்னொன்றையும் காட்டியது. நடுராத்திரி கரண்டு வந்ததும் எழுந்து எடிட்டிங் பண்ணிய நாட்களுக்கு மறுநாள்தான் அதிகம் வலித்தது. இப்போது கரண்டு வந்தாலும் தூங்குகிறேன். எபிசோட் லேட்டாக வருவதற்குக் காரணம் புரிந்ததா?

டோக்கனுக்குக் காத்திருக்கக் கூடாத வலியும் உண்டு: இடி விழுந்த மாதிரி நொடியில் உச்சத்துக்குப் போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் பலவீனம், பேச்சுக் குளறல், தலையில் அடிபட்ட பின் வருவது. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். 50 வயதுக்கு மேல் புதுசாக ஆரம்பித்த தலைவலியையும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

டைரிக்குத் தனி ஆப் வேண்டாம், சுவரில் தொங்கும் காலண்டரே போதும். இன்றைக்கு வலித்தால் இன்றைக்கே ஒரு புள்ளி வையுங்கள்.

அடுத்த வாரம் பார்ப்போம்.