உயிரேட்டில் பிழைதிருத்தம்

ஓலைச்சுவடியைப் படியெடுப்போர் ஓரெழுத்தைப் பிழைபட எழுதிவிட்டால், பின்வரும் படிகளிலெல்லாம் அப்பிழை தொடரும். அதனைக் கண்டு களைவது பதிப்பாசிரியர் பணி. நம் உயிரணுக்களுக்குள்ளும் நான்கே எழுத்துகளால் எழுதப்பெற்ற ஓர் ஏடு உண்டு. அதுவே மரபணுத் தொகுதி. அவ்வேட்டில் திருத்தம் செய்ய உதவும் கருவியே கிரிஸ்பர். அதன் தோற்றத்தையும் பயனையும் இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

தோற்றம்

1987ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் யோஷிசுமி இஷினோ குழுவினர், குடல்வாழ் பாக்டீரியா ஒன்றின் மரபணுவில் ஒரே தொடர் இடையிட்டு இடையிட்டு மீண்டும் வருவதைக் கண்டனர். அதன் பொருள் அன்று விளங்கவில்லை. இடையில் அமைந்தவை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மரபணுத் துணுக்குகளோடு ஒத்திருப்பதை ஸ்பெயின் நாட்டு அறிஞர் பிரான்சிஸ்கோ மொஹிகா 2005இல் வெளியிட்டார். பகைவனின் அடையாளத்தைக் குறித்து வைத்து, அவன் மீண்டும் வரின் வெட்டி வீழ்த்தும் தற்காப்பு முறை அது. 2012இல் எம்மானுவேல் சார்ப்பென்டியே, ஜெனிஃபர் டவுட்னா ஆகியோர் இதனை நாம் விரும்பும் இடத்தில் வெட்டும் கருவியாக்கிக் காட்டினர். 2020இல் வேதியியல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பெற்றது.

செயல்முறை

இக்கருவியின் உறுப்புகள் இரண்டு. வழிகாட்டி ஆர்.என்.ஏ. என்னும் இழை தனக்குப் பொருந்தும் 20 எழுத்துத் தொடரைத் தேடிக் கண்டடையும். காஸ்9 என்னும் நொதி அவ்விடத்தில் வெட்டும். வெட்டுண்ட இடத்தை உயிரணு தானே இணைக்கும்போது ஒரு மரபணுவை முடக்கவோ புதிய தொடரைப் புகுத்தவோ இயலும்.

பயன்

அரிவாள் உயிரணுச் சோகை ஓரெழுத்துப் பிழையால் விளைவது. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து குருதிக் குழாய்களை அடைப்பதால் நோயாளி தாங்கொணா வலியுறுகிறார். 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த காஸ்கெவி மருத்துவம் அவ்வெழுத்தைத் திருத்துவதன்று. நோயாளியின் குருதி மூல உயிரணுக்களை வெளியே எடுத்து, கருப்பருவ ஹீமோகுளோபினைப் பிறப்பிற்குப்பின் அடக்கிவைக்கும் தடையைத் தளர்த்தி, மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். கட்டிவைத்த பழைய ஏடு மறுபடியும் விரிகின்றது!

ஆயின், அமெரிக்காவில் அதற்கு அறிவிக்கப்பெற்ற விலை 22 இலட்சம் டாலர். நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்நோய் இருப்பது 1952இலேயே அறியப்பெற்றது. அம்மலைமக்களுக்கு இம்மருந்து எட்டுவது எங்ஙனம்?

முடிவுரை

நோயுற்றவரின் குருதியணுவில் செய்யும் மாற்றம் அவரோடு முடியும். கருவில் செய்யும் மாற்றமோ வழிவழியாகத் தொடரும். 2018இல் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய், கருநிலையில் மரபணு மாற்றப்பெற்ற இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தபோது உலகம் அதிர்ந்தது. 2019இல் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றது. திருத்துகிறேன் என்று மூலபாடத்தையே சிதைப்பவன் நல்ல பதிப்பாசிரியன் ஆகான்.

அறிவு இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பழுதின்றிப் பேணுவது ஒரு கடமை. உரியவர் கையில் சேர்ப்பது மற்றொரு கடமை. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் நாளில்தான் இக்கண்டுபிடிப்பு முழுமை பெற்றது என்போம்.