மேட்டில் மூச்சு வாங்குகிறதா?

கேள்வி: கரூரிலிருந்து அவலாஞ்சி குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு 12 கிலோ கூடிவிட்டேன். மறுபடி நடக்கலாம் என்றால் மேட்டில் சில அடிகளிலேயே மூச்சு வாங்குகிறது. மழைக்காலத்தில் வெளியே தலைகாட்ட முடியாது. எப்படித் தொடங்குவது?
– ஒரு வாசகி, அவலாஞ்சி

பதில்: எடையை மட்டும் குறை சொல்லாதீர்கள், சகோதரி. உங்கள் ஊர் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கரூரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே நடந்த வேகத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் மேட்டை மறந்துவிடுங்கள். குவார்ட்டர்ஸ் பக்கத்துச் சமதளத்தில் தினமும் 10 நிமிடம் போதும். கூட வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். பிறகு ஒவ்வொரு வாரமும் தினசரி நேரத்தில் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடத்தை இரண்டு மாதத்துக்குள்ளேயே தொட்டுவிடுவீர்கள். காட்டெருமை நடமாடும் ஊர் என்பதால், நன்றாக வெளிச்சம் வந்தபின் துணையோடு கிளம்புங்கள்.

மேடு ஏறத் தொடங்கியதும் இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். முழங்காலுக்குப் பாரம் அங்கேதான். சின்னச் சின்ன அடியாக, முழங்காலை லேசாக மடக்கி இறங்குங்கள்.

2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய ஊர் உங்களுடையது! மழை நாளில் வாசற்படி ஒன்றில் ஏறி இறங்குங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், மூன்று சுற்று. நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, ஓய்வெடுத்தும் மூச்சுத்திணறல் தணியாவிட்டாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

குளிருக்கு ஐந்து டீ குடிப்பவரென்றால், குடியுங்கள். சர்க்கரையை அரை ஸ்பூனாக்குங்கள்.