தையல் பிரித்த பிறகும் வேலை இருக்கு

ஸ்கூல் தமிழ் இலக்கணத்தில் எழுத்துகளின் பிறப்பு படித்தது ஞாபகம் இருக்கா? மெல்லினத்துக்கு இடம் மூக்கு என்று நன்னூல் சொல்லும். ம, ன சொல்லும்போது காற்று மூக்கு வழியாகப் போகும். ஆனா க, ட, ப மாதிரி வல்லினம் வரணும்னா மூக்குப் பாதை மூட வேண்டும், காற்று வாய்க்குள் அழுத்தமாக நிற்க வேண்டும். இப்படி மூடுகிற வேலையைச் செய்வது மேல் அண்ணத்தின் பின்பகுதி. நம்ம பாஷையில் சொன்னால், அது ஒரு வால்வு.

அண்ணப் பிளவோடு பிறக்கும் குழந்தைக்கு இந்த வால்வு மூடாது. குடிக்கிற பால் மூக்கில் வரும். பேச ஆரம்பித்ததும் "பாப்பா" என்பது "மாம்மா" மாதிரி கேட்கும்.

உலகத்தில் சுமார் 700 முதல் 1000 குழந்தைகளில் ஒருவர் உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ கொண்டு பிறக்கிறார். உதடு உருவாவது கர்ப்பத்தின் 4 முதல் 7 வாரத்துக்குள். பல பேருக்கு கர்ப்பம் என்றே தெரியாத நேரம் அது. கிரகணத்தில் அம்மா வெளியே வந்ததுதான் காரணம்னு இன்னும் சொல்றாங்க. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. மரபணு, புகை, சில வலிப்பு மருந்துகள், கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய் என்று பல காரணங்கள் சேரலாம். பல சமயம் காரணமே தெரியாது. பழி மட்டும் அம்மா மேல் விழுது.

உதட்டுக்கு ஆபரேஷன் பொதுவாக 3 முதல் 6 மாதத்தில் நடக்கும். குழந்தைக்கு 10 வாரம், 10 பவுண்டு எடை (சுமார் 4.5 கிலோ), ஹீமோகுளோபின் 10 இருக்கணும் என்பது டாக்டர்களின் பழைய கணக்கு. அண்ணத்துக்கு ஒன்றரை வயதுக்குள்.

செலவுக்கு வழி இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் டாக்டர் குழு வந்து பார்க்கிறது. அவங்க தேடும் பிறவிக் குறைகளில் இதுவும் ஒன்று. ஸ்மைல் டிரெயின் அமைப்பு பல மருத்துவமனைகள் மூலம் இலவசமாக ஆபரேஷன் செய்ய உதவுகிறது.

சிக்கல் அதுக்கு அப்புறம்தான். ஆபரேஷன் வால்வைச் சரி பண்ணும், ஆனா நாக்கு பழகிய தப்பான உச்சரிப்பு தானாகப் போகாது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேணும். காதில் நீர் சேருதான்னு பார்க்கணும். 8 முதல் 11 வயதில் ஈறில் எலும்பு வைக்க வேண்டி வரலாம். ஓமலூர், தாரமங்கலம் பக்கம் தறி ஓட்டும் குடும்பத்துக்கு, சேலம் போய் வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போச்சு. அப்படியே பயிற்சி பாதியில் நிற்கும்.

இதற்கு ஒரு வழியைத் தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்காங்க. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனைக் குழு, திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் உள்ளூர் ஆட்களுக்கே சொல்லிக் கொடுத்து, பேச்சுப் பயிற்சியைக் குழந்தைகள் இருக்கும் பக்கமே கொண்டு போனது. குழந்தைகளின் உச்சரிப்பு நல்லாவே முன்னேறியது.

உங்க தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தா, "ஆபரேஷன் ஆச்சா?" என்பதோடு நிறுத்தாதீங்க. "பேச்சுப் பயிற்சிக்குப் போறீங்களா?" என்றும் கேளுங்க. எங்கே போவதுன்னு அவங்களுக்குத் தெரியலைன்னா, 104-க்கு போன் போட்டு விசாரித்துச் சொல்லுங்க.