நஸபும் வாரிசுரிமையும்

வம்சாவழி என்றாலே பெருமை பேசுவதற்குரிய சங்கதி என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். மார்க்கத்தில் அதற்குள்ள இடம் வேறு. உறவினரைச் சேர்த்து வாழத் தேவையான அளவுக்கு நஸபைக் கற்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருப்பது திர்மிதீயில் வருகிறது. யாரை நிக்காஹ் செய்யலாகாது, மையித்தின் சொத்து யாரைச் சேரும் என்பதெல்லாம் இதைக் கொண்டே தீரும்.

சென்னையிலேயே ஒருவரை எடுத்துக் கொள்வோம். கர்நாடக நவாபு குலாம் முஹம்மது கவ்ஸ் கான் 1855ல் ஆண் வாரிசின்றி வஃபாத்தானார். மேலே ஏறிப் பாருங்கள். தகப்பனார் ஆஸம் ஜாஹ். அவருக்குத் தகப்பனார் அஜீமுத்தௌலா. அவருக்கு அமீருல் உமரா. அவருக்கு முஹம்மது அலீ வாலாஜா. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளியை 1795ல் கட்டியது இந்த வாலாஜா குடும்பம்தான். அவருடைய தகப்பனார் அன்வருத்தீன் கான், 1749ல் ஆம்பூர்ப் போரில் மாண்டவர். பூர்வீகம் வடக்கே கோபாமவ். அதற்கும் மேலே உமர் ஃபாரூக் (ரலி) அவர்கள் வரை போகிறது என்பது அக்குடும்பத்தார் கொண்டுள்ள வரலாறு.

அவ்வளவு தூரம் ஏறுவது கண்ணியத்துக்கு உதவும். பாகப் பிரிவினைக்கு உதவாது. (நாயகம் அவர்களுடைய நஸபிலேயே அத்னான் வரைதான் உலமாக்கள் ஏகோபித்துள்ளனர்; அதற்கு மேலுள்ள பெயர்களில் அபிப்பிராய பேதம் உண்டு.) கவ்ஸ் கான் விஷயத்தில் இரண்டு படி போதும். அவர் கைக்குழந்தையாயிருக்கையிலேயே, 1825ல், தகப்பனார் போய்விட்டார். பாட்டனார் 1819லேயே மவ்த். மகனும், தகப்பனும், பாட்டனும், சகோதரனும், சகோதரன் மகனும் இல்லாதவிடத்தில் தகப்பனுடன் பிறந்தவரே அஸபா. பங்குதாரர்களுக்குக் கொடுத்தது போக மீதியை எடுப்பவர் என்று இதற்குப் பொருள். பாட்டனார் வரை ஏறி மறு கிளையில் இறங்கினால் சிறிய தகப்பனார் அஜீம் ஜாஹ் நிற்கிறார். கம்பெனியாரோ வாரிசில்லை என்று நவாபுப் பட்டத்தையே ஒழித்தனர். பல்லாண்டு முறையீட்டுக்குப் பின் 1867ல் அஜீம் ஜாஹுக்கு ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் வேறு, சொத்து வேறு. பட்டத்தைப் பங்கிட ஷரீஅத்தில் கணக்கில்லை.

இனி நம் பகுதிக்கு வருவோம். 1960களில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் வேலைக்கு வந்து குடியேறியோர் பலர். அவர்களின் பேரப்பிள்ளைகள் பாகம் பிரிக்க வந்தால் பாட்டனார் பெயரைச் சொல்கிறார்கள். பாட்டனாருடன் பிறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் விழிக்கிறார்கள். சொந்த ஊர் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரைப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண் இருவரின் தகப்பனார் பெயரும் இருக்கும். பழைய கிரயப் பத்திரம், மீசான் கல் ஆகியவையும் உதவும்.

பட்டியலில் பெண்களை விட்டுவிடாதீர்கள். மேலே நான் எழுதிய பெயர்கள் அனைத்தும் ஆண்களுடையவை. நம் வழக்கமே அப்படி. கட்டிக் கொடுத்துப் போன மகளுக்குத் தகப்பனார் சொத்தில் மகனுடைய பங்கில் பாதி உண்டு. கொடுபடாமல் கிடந்தால் அது அவளது மவ்த்தோடு அழிவதில்லை. அவளுடைய வாரிசுகளுக்கு இறங்கும். ஃபிக்ஹு நூல்களில் இதற்கு முனாஸகா என்று பெயர். அப்போது கணக்கை இன்றிலிருந்து அல்ல, அவள் தகப்பனார் மவ்த்தான நாளிலிருந்து தொடங்க வேண்டும்.